இடெல்லாவின் முகம் ஏன் இருண்டது

ஹாலிவுட்டில் நெடுங்காலமாகச் சின்னப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்துவந்த ஓரின் ஹால்டேன், முந்தைய நாள் எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தார். கறுப்பின நடிகை இடெல்லா பியர்சாலின் முகம் மறுபடியும் இருண்டு கிடந்தது. கண்ணும் பல்லும் தெரிந்தன, முகம் இல்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கதாநாயகி மட்டும் பளிச்சென்று இருந்தாள்.

தயாரிப்பாளர் கஸ்ஸோ, வெள்ளிக்கிழமைக்குள் முகம் தெரியாவிட்டால் அந்த நீதிமன்றக் காட்சியையே வெட்டிவிடுவதாகச் சொன்னார். கறுப்பர் முகம் படத்தில் எடுபடாது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார். எல்லாருக்கும் தெரிந்தது என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இடெல்லாவோ படத்துக்குப் படம் வேலைக்காரியாகத் தட்டுத் தூக்கியவள். இதில்தான் முதல்முறையாக ஓர் ஆசிரியையாகக் கூண்டேறிச் சாட்சி சொல்கிறாள்.

ஓரினின் சந்தேகம் உதவியாளன் வெர்ன் ப்ரூயிட் மேல் விழுந்தது. இடெல்லாவுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று அளந்து சொல்பவர் ஓரின். அதன்படி லென்ஸின் துவாரத்தைத் திறந்து வைப்பவன் வெர்ன். சொன்னபடி திறந்திருந்தால் முகம் ஏன் இருள்கிறது? வெர்ன், நிறப் பாகுபாடு ஊறிய தெற்கு மாநிலமான ஜார்ஜியாவிலிருந்து வந்த வெள்ளையன். இடெல்லாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டதே இல்லை. தானும் சாப்பிட்டதில்லை என்பது ஓரினுக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த ஆண்டு ஊரே அப்படித்தான் இருந்தது. யார் எந்தக் கம்யூனிஸ்ட் கூட்டத்துக்குப் போனான், யார் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்று காபிக் கடைகளில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஓரின் வெர்னின் விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை மதியம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“வேணும்னே மூடி வெக்கிறியா, வெர்ன்?”

“நீங்க சொன்ன எண்லதான் வெச்சேன். வந்து பாருங்க சார்.”

“நான் பாக்கறப்போ சரியாத்தான் வெப்பே.”

வெர்ன் இடுப்பிலிருந்த அளவு நாடாவைக் கழற்றிக் காமிராப் பெட்டி மேல் போட்டுவிட்டு வேலையை விட்டே நடந்தான்.

மிச்சக் காட்சிக்குத் துவாரத்தை ஓரினே தன் கையால் திறந்தார். மறுநாள் திரையில் அதே இருட்டு. படச்சுருளைக் கழுவிப் பிரதி எடுக்கும் லேபுக்கு நேரே போய் நெகட்டிவை வாங்கி விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தார். இடெல்லாவின் முகம் நெற்றிச் சுருக்கம் உட்பட அதில் பதிந்திருந்தது. அப்படியானால் பிழை பிரதி எடுத்ததில்தான்.

பிரதி எடுக்கும் ஃபென்னர் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு சுருளின் தலையிலும் ஒட்டும் பெண் முகத்தைக் காட்டினார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் நன்றாக வந்தால் சுருள் முழுக்கச் சரி என்பது லேபின் கணக்கு.

“நீ வெளிச்சத்தை வாரி எறச்சிருந்தே. கை தவறிடுச்சுபோலன்னு நான்தான் பிரதில எறக்கி விட்டேன். உனக்கு நல்லதுதானேய்யா செஞ்சேன்?”

“இந்தப் படத்துக்கு மட்டுமா?”

“இத்தனை வருஷமா எல்லாப் படத்துக்கும்தான்.”

அன்று மாலையே ஓரின் இடெல்லாவின் முகத்தைச் சில அடி நீளச் சுருளில் படமெடுத்து, அந்தப் பெண் இருந்த இடத்தில் ஒட்டி, இதற்குப் பொருத்தமாகப் பிரதி அடிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை திரையில் இடெல்லா முழுசாக நின்றாள். கதாநாயகி கொஞ்சம் வெளுத்திருந்தாள். அதனால் யாரும் செத்துவிடவில்லை. கஸ்ஸோ முனகிக்கொண்டே காட்சியை விட்டுவைத்தார்.

கதவோரம் நின்று பார்த்த இடெல்லாவின் முகத்தில் சிரிப்பில்லை. “தியேட்டருக்குப் போற பிரதியும் இப்படியே இருக்கும்னு யாரு பாத்துக்குவாங்க?” என்று கேட்டாள்.

ஓரின் பார்த்துக்கொண்டார். கடைசிப் பிரதி வெளியே போகும்வரை ஃபென்னரின் தோளருகே நின்றார். அதன் பிறகு அவர் எடுத்த எந்தச் சுருளின் தலையிலும் அதில் நடித்தவரின் முகமே இருந்தது. அவரிடம் வேலை பழகிய ஒளிப்பதிவாளர்கள் பலர் அதையே செய்தார்கள்.

வெர்ன் மட்டும் திரும்பவில்லை. ஓரின் வீடு தேடிப் போய், லேபில் கண்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, வலைக்கதவுக்கு உள்ளே நின்றபடியே பேசினான்.

“என் ஊரை வெச்சே தீர்ப்பு எழுதிட்டீங்க. சுருள் தலைல இருக்கற அந்தப் பொண்ணை எத்தனை வருஷமா பாக்கறீங்க? அது மேல ஒரு நாளாவது சந்தேகம் வந்துச்சா சார்?”

இல்லை என்றார் ஓரின். வெர்ன் உள்கதவையும் சாத்திக்கொண்டான்.