பல்லில் கடித்த வலை

வாவிக்கரைச் சென்றியில் காவல் நின்ற அந்த ஆமிக்காரனின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த பொடியன், எந்நேரமும் ஹெல்மெட் வாரைக் கடித்துக்கொண்டு நிற்பான். இருட்டில் பார்க்கும் கண்ணாடி கையில் கிடைத்த கிழமையே, ஆமியிடமே பாஸ் எடுத்து இரவில் மீன்பிடிக்கப் போன என் தம்பியைச் சுட்டுவிட்டான்.

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து, தம்பியின் வீச்சுவலையோடு நான் இறங்கியபோது மறித்தான்.

“அண்ண, எப்பிடி வீசுற? காட்டுங்க.”

வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்து, கையோங்கி வீசினேன்.

“கண்ணாடியில எல்லாம் பச்சை. வாயில கடிக்குது, கை ஓங்குது. கைக்குண்டு எண்டு நினைச்சன். எங்கட ஊர் மலை, வலை பாத்ததில்ல. ட்ரெயினிங்கிலயும் காட்டல்ல,” என்றான் உடைந்த தமிழில். கண் கலங்கியிருந்தது. “இன்னொருக்கா, அண்ண.”

அவனைக் கொல்லவேண்டும் என்றிருந்த நான், ஏனோ தெரியவில்லை, வலையை மறுபடி பல்லில் கடித்தேன்.