பின் அச்சின் பதினொரு மில்லிமீட்டர்

என் ஃபோர்வீல் வண்டியை மூன்று அங்குலம் உயர்த்திக் கொடுத்தது கிள்ளானில் இருக்கும் ஒரு பட்டறை. அன்றிலிருந்து அதன் பின்பகுதி என் பேச்சைக் கேட்கவில்லை. நல்ல சாலையில் ஒன்றும் தெரியாது. பள்ளத்தில் இறங்கினால், நான் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே பின்பக்கம் ஒருபுறமாக நகர்ந்து போகும்.

பட்டறைக்காரர்தான் காட்டுப்பாதையில் வண்டி ஓட்டும் எங்கள் குழுவுக்கும் தலைவர். சக்கரங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் மூன்று முறை செய்தார். மூன்று முறையும் எல்லா எண்களும் பச்சையாக அச்சான தாளை என் கையில் கொடுத்தார். அத்தனையும் முன்சக்கரங்களின் எண்கள்.

“பின்னாடி?” என்று கேட்டேன்.

“பின்னாடி ஒரே துண்டா முழு அச்சு தங்கச்சி. அதுல அட்ஜஸ்ட் பண்ண என்ன இருக்கு? தூக்குன வண்டி இப்படித்தான் லா. கை பழகணும்.”

“யார் கை அண்ணே?”

அந்தக் கேள்விக்கான பதில் திங்கட்கிழமை, கைப்பேசியில் குழுவின் செய்தியாக வந்தது. சனிக்கிழமை பந்திங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் பயணம். என் வண்டியை அவருடைய மச்சான் ஓட்டுவார். நான் பக்கத்து இருக்கையில் உட்காரலாம். பாதுகாப்புக்காக என்று போட்டிருந்தார். வரிசையாக ஆறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். இயந்திரங்கள் எங்கே அதிர்கின்றன, ஏன் அதிர்கின்றன என்று கண்டுபிடிப்பது என் வேலை. என் பெயரில் இருக்கும் வண்டியில் பயணியாக ஏறும் எண்ணம் எனக்கு இல்லை. ‘வண்டி சரியாகிவிட்டால் நான்தான் ஓட்டுவேன்’ என்று எழுதினேன். ‘பாக்கலாம்’ என்று வந்தது.

செவ்வாய் மாலை பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், தரை மட்டமாக இருந்த ஒரு மூலையில் வண்டியை நிறுத்தினேன். நூலில் ஒரு நட்டைக் கட்டி, பின்சக்கரத்துக்கு மேல் வண்டி உடலின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். நூலுக்கும் டயருக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தேன். காய்கறிப் பையோடு போன ஓர் ஆன்டி நின்று பார்த்தார்.

“என்னம்மா, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?”

“கால்சட்டை ஆன்டி. ஒரு கால் வெளிய நிக்குது.”

உண்மையிலேயே நின்றது. அச்சு பதினொரு மில்லிமீட்டர் வலப்பக்கம் போயிருந்தது. காரணத்தைப் பார்க்கக் குனிந்தாலே போதும். பின் அச்சை வண்டியின் சட்டத்தோடு குறுக்காகப் பிடித்திருக்கும் கம்பி ஒன்று உண்டு. அதன் வலது முனை சட்டத்தில், இடது முனை அச்சில். சட்டத்தை உயர்த்தியதும் கம்பி சரிந்துவிட்டது. கம்பியின் நீளம் மாறாது. அதனால் அச்சை வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதே இழுப்பு. அச்சு முன்னும் பின்னும் நகராமல் சட்டத்தோடு பிடிக்கும் இரண்டு இரும்புக் கைகளும் அப்படியே சரிந்திருந்தன. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் பின்சக்கரங்கள் தாமாகத் திரும்பின.

வரைந்தேன். கம்பியின் அச்சு முனையை உயர்த்த ஒரு தாங்கி, கைகளின் சட்ட முனையைத் தாழ்த்த இரண்டு. ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் இரும்புக் கடையில் தகடு வெட்டி, வெல்டிங் செய்து வாங்கினேன். வியாழக்கிழமை கிள்ளான் பட்டறையிலேயே வண்டியைத் தூக்கி நானே மாட்டினேன். பட்டறைக்காரர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை.

வெள்ளி காலை வண்டி முன்பைவிட மோசமாக இருந்தது. பின்பக்கம் விறைத்துப்போய், ஒவ்வொரு மேட்டிலும் முனகியது. மறுபடி பட்டறைக்கே ஓட்டிப் போனேன்.

“படிச்சவங்க பண்ணா சத்தம்கூட படிச்ச சத்தமா வருது,” என்றார் அவர். மச்சான் சிரித்தார்.

நான் மறுபடி அளந்தேன். அச்சு நடுவில் இருந்தது. ஆனால் பின்பக்கம் நிற்க வேண்டியதைவிட ஒன்பது மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. அப்போதுதான் புரிந்தது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முழுதாக முறுக்கிவிட்டேன். இந்தப் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் முறுக்குகிறார்கள். நானும் அவர்களைப் பார்த்து அப்படியே முறுக்கினேன். கம்பி முனைகளில் இருக்கும் ரப்பர், தொங்கும் நிலையிலேயே பிடிபட்டுவிட்டது. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு பின்பக்கத்தை மேலே தள்ளியது.

“தப்பு என்னோடதுதான் அண்ணே. முறுக்குனது தப்பு. கணக்கு தப்பில்ல.”

“அப்ப கழட்டிட்டுப் பழசைப் போடு.”

“போட மாட்டேன்.”

வண்டி தன் எடையில் தரையில் நிற்க, அட்டை விரித்து அடியில் படுத்து எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தினேன். வெளியே வந்து பின்பக்கத்தை ஏழெட்டு முறை அழுத்தி ஆட்டினேன். பிறகு ஒவ்வொன்றாக முறுக்கினேன். மச்சான் ஒரு கட்டத்தில் கேட்காமலே விளக்கைப் பிடித்தார். நன்றி சொன்னேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பந்திங் போகும் வழியில் பட்டறைக்காரரை என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். அவருடைய வண்டியை மச்சான் முன்னால் ஓட்டிப் போனார். லோரிகள் குழிபறித்த ஒரு துண்டுச் சாலையைத் தேடிப் பிடித்து, வேகம் குறைக்காமல் இறங்கினேன். வண்டி ஏறியது, இறங்கியது, நேராகப் போனது. முனகலும் இல்லை. அவர் கதவின் மேல்பிடியைப் பிடித்திருந்தார். மூன்றாவது குழிக்குப் பிறகு விட்டுவிட்டார்.

தோட்டத்து வாசலில் மற்ற வண்டிகள் காத்திருந்தன. மச்சான் சாவிக்காகக் கை நீட்டியபடி வந்தார்.

“வேணாம் டா,” என்றார் பட்டறைக்காரர். பிறகு என்னிடம், “சரி, நீயே ஓட்டு. ஆனா கடைசி வண்டியா வா.”

“கடைசியா வரமாட்டேன் அண்ணே. சேறு கலங்கின பிறகு பாதை தெரியாது.”

அவர் மற்றவர்களைப் பார்த்தார். கட்டைவிரல் உயர்த்திய ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள். அவரவர் வண்டியில் ஏறினார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவருடைய வண்டிக்கு அடுத்ததாக என் வண்டியை நுழைத்தேன்.