கழுவாமல் விதைத்த பயறு

இல்லை சபீனா, ஒரு பாத்தி போதாது என்று நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆளில்லாத நேரம் பார்த்து வெல்கிறேன் என்று நினைக்காதே. நீ இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

உன்னை மடக்க நல்ல பதில் ஒன்றை யோசித்துக்கொண்டு கனமூலைச் சந்தியில் நின்றபோதுதான், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உன் பெயர் வந்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்துவிட்டதாம்.

சபீனாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவள் பயிர் நோய்களை ஆராய்ந்தவள். டொக்டர் என்று கேள்விப்பட்டு முதல் நாளே முழங்கால் வலிக்கு மருந்து கேட்டேன். "நீங்க பயறா, மாமா? பயறெண்டா பார்ப்பன்" என்றாள்.

எங்கள் ஊர்ப் பழக்கம், விதைப் பயற்றை ஊறவைத்து, முளை மூக்கு விட்டதும் நன்றாகக் கழுவி விதைப்பது. ஒரு மாரியில் நான் கழுவி விதைத்ததெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. பார்க்க வந்தவள் சிரித்தாள்.

"ஒளு எடுத்த மாதிரி மூணு தரம் கழுவியிருக்கிறீங்க. விதை தொழவா போகுது?"

விதை முளைக்கும்போது சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் அதிலிருந்து கசியுமாம். சுற்றியுள்ள பூஞ்சணத்தைக் கிட்ட விடாத காவல் அது. அந்தக் காவலைத்தான் நான் கழுவி ஊற்றியிருக்கலாம் என்றாள்.

அடுத்த போகம் ஒரு பாத்தியில் கழுவிய விதை, ஒரு பாத்தியில் கழுவாத விதை போட்டேன். கழுவாதது ஜோராக வந்தது. தோல்வியை ஒத்துக்கொள்ளப் போனால், அவள் வாங்க மறுத்தாள்.

"ஒரு பாத்திய வச்சு ஒண்டும் செல்ல ஏலா. நீங்க தோத்ததுக்காக நான் சரியாகிட மாட்டன், மாமா."

இப்படி ஒரு பெண்ணோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

"சரி, பயறுக்கு இந்த வித்தைய யார் படிப்பிச்சது?" என்று இன்னொரு நாள் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல. விதைக்குள்ள இரிக்கிற பரம்பரைக் குறிப்பு, மரபணு, பிரதியாகயில சிலநேரம் ரெண்டா விழுந்திடும். ஒண்டு பழைய வேலையச் செய்யும். மத்தது மாறிக்கொண்டே போகும். மாறினதுல கனக்க உதவாது. எப்பயாவது ஒண்டு, புதுப் பூஞ்சணத்தையும் மறிக்கும்."

"என்ட ரெண்டு மகன்மாரையும் செல்றாய் போல."

"அதுல மாறினது யாரு?"

"கட்டாருக்குப் போனவன்."

"உதவுவாரா?"

"இன்னும் ஆராய்ச்சி நடக்குது, மகள்."

அவள் சிரித்து முடிய வெகுநேரம் ஆயிற்று. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பூஞ்சணமும் சும்மா இரிக்காது, அதுவும் மாறும். நாம ருசியையும் பருமனையும் பார்த்துப் பொறுக்கினோம். காவல ஒருத்தரும் கேக்கல்ல. காட்டுப் பயறுலதான் அது விதம் விதமா மிச்சமிரிக்கி."

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபின், வண்ணாத்திவில்லுப் பக்கமும் களப்புக் கரையோரமும் அலைந்து காட்டுப் பயறு சேர்த்தாள். வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் கொடி கொடியாகப் படரவிட்டாள். அவற்றின் விதையை வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை.

அவளுக்காகக் கத்தம் ஓதிய மறுநாள் அவள் வீட்டுக்குப் போனால், அந்த நிலத்தின் விளிம்பில் டிரக்டர் உறுமிக்கொண்டு நின்றது. அவள் கணவர் ஜாபிர் கதிரையில் இருந்தார்.

"இந்தக் கொடியப் பாக்கயிக்க நெஞ்சு அடைக்குது, மாமா. உழுது விட்டா கண்ணுல படாது."

எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. சீண்டத்தான் தெரியும்.

"உழுங்க. நல்லா உழுங்க. அவள் இவ்வளவு காலம் என்னோட சண்டை பிடிச்சதுக்குச் சாட்சி இந்தக் கொடிதான். அதுவும் போனா நான்தான் வெண்டதெண்டு ஊரெல்லாம் செல்லித் திரிவன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்த முகம். நான் விடவில்லை.

"எனக்கு அவள்ட மிச்சம் ஒண்டு இரிக்கி, ஜாபிர். தெரியாததத் தெரியாதெண்டு செல்ற வாய். அத நான் வச்சிக்கொள்றன். உங்களுக்கு அவள் வச்சது, இந்தா, கொடி கொடியா..."

கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் கையை உயர்த்தியபடி, "தம்பி, நிப்பாட்டுங்க!" என்று கத்திக்கொண்டே டிரக்டர்க்காரரை நோக்கி நடந்துவிட்டார்.