தம்பியின் மௌத்துக்குச் சாட்சி தேடிப் பூனாகலைக்கு

கப்பலில் போனவர்களைப் பற்றி ஒரு சொல்லாவது வராதா என்று காத்திருக்கும் குடும்பங்கள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. அவர்களில் யாராவது மலைநாட்டுப் பக்கம் விசாரிக்கப் புறப்பட்டால் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன். ஜெர்மன் சண்டை முடிந்து ஒரு வருடம் கழித்து, மாரி ஓய்ந்த ஜனவரி மாதத்தில் நான் போய்வந்த பயணம் இது.

என் தம்பி காதர் கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தவன். சண்டைக் காலத்தில் கடற்படை எடுத்துக்கொண்ட ஒரு கப்பலில், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. எங்களுக்கு வந்த தந்தியில் ‘காணவில்லை’ என்றுதான் இருந்தது. இறந்துவிட்டான் என்று இல்லை.

அந்த ஒரு சொல், பதுளையில் தகப்பன் வீட்டில் இருந்த அவன் மனைவி ஸபியாவைக் கட்டிப்போட்டுவிட்டது. இருபத்திரண்டு வயது. அவள் விதவையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறுமணம் பற்றி வாய் திறக்க முடியாது. துக்கம் இருக்கவும் முடியாது. மௌத்தை, அதாவது அவன் உயிர் போனதை, கண்ணால் கண்டவர் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருந்தார். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் என் கடைக்கு வந்த துறைமுகத் தோணிக்காரர் ஒருவர், அந்தக் கப்பலிலிருந்து பிழைத்தவர்களில் மாரிமுத்து என்ற ஒருவர் தன் பழைய பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார் என்றார். மறுநாளே புறப்பட்டேன்.

கோட்டையில் காலை ஏழு மணிக்கு ரயில் ஏறினால் பண்டாரவளையில் இறங்கும்போது இருட்டிவிடும். இப்போதைக்கு ரயில் அதோடு நின்றுவிடுகிறது; தெமோதரைப் பக்கம் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைத்தெருவில் நம்மவர்கள் கடைகளில் தங்க இடம் கொடுப்பார்கள். கம்பளி மட்டும் நீங்களே கொண்டுபோங்கள். நான் ஒரு போர்வையோடு போய், விடியும்வரை பல் கிட்டிக் கிடந்தேன்.

பூனாகலைக்குப் பத்து மைலுக்கு மேல். மாட்டு வண்டிக்கு இரண்டு ரூபாய். ஏற்றத்தில் மாட்டுக்காக இறங்கி நடந்தபோது வண்டிக்காரர் ஒரு புத்தி சொன்னார்.

“நேரா லயத்துக்கு, ஆளுங்க குடியிருக்கிற பக்கம் போயிராதீங்க நானா. வேற தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவருன்னு வெரட்டிருவாங்க. மொதல்ல பெரிய கங்காணியப் பாத்து வெவரத்தச் சொல்லுங்க.”

அப்படியே செய்தேன். தோட்டத்து ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி கடைசிவரை கேட்டுவிட்டு, தோட்டத் துரையிடம் தானே பேசி மாரிமுத்துவுக்கு மூன்று நாள் விடுப்பு வாங்கிக் கொடுத்தார்.

மாரிமுத்து தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறையில் இருந்தார். முப்பது வயதிருக்கும். காதரின் நானா, அவன் அண்ணன் என்று சொன்னதும், கையில் இருந்த விறகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். உண்மையைச் சொன்னால், அது வேறு காதர் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு மனம் ஏங்கியது. அப்படிச் சொல்லிவிட்டால் ஸபியாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு மனம் பயந்தது.

“ஒண்டே ஒண்டு கேக்கிறேன். மவுத்தானத நீங்க கண்ணால கண்டீங்களா?”

“கண்டேங்க. என் மடியிலதான்.”

“மிச்சத்த இப்பச் சொல்ல வேணாம். பதுளையில அவன்ட பொஞ்சாதி இருக்கு. அதுதான் மொதல்ல கேக்கணும்.”

அவர் தலையசைத்தார். அன்று மாலையே பண்டாரவளைக்குத் திரும்பி, மறுநாள் பதினெட்டு மைல் வண்டியில் பதுளைக்கு இறங்கினோம். வழி முழுவதும் கொதிகலனைப் பற்றியும் கொழுந்து விலையைப் பற்றியும்தான் பேசினோம்.

ஸபியாவின் தகப்பனார் பதுளைக் கடைத்தெருவில் துணி வியாபாரி. கடைக்குப் பின்னால்தான் வீடு. லெப்பையும் வந்து அமர்ந்தார். ஸபியா திரைக்குப் பின்னால் இருந்தாள். மாரிமுத்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்து வாய் திறக்குமுன், திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“அவர எந்தப் பக்கம் நிண்டு கூப்பிடுவீங்க?”

லெப்பை என்னைப் பார்த்தார். இவர் உண்மையிலேயே தம்பியோடு இருந்தவர்தானா என்று அவள் சோதிக்கிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. சிறுவயதுக் காய்ச்சலில் தம்பிக்கு இடது காது கேளாமல் போனது. வெட்கப்பட்டு வெளியில் யாரிடமும் சொல்ல மாட்டான்.

“வலப் பக்கந்தாங்க,” என்றார் மாரிமுத்து. “எடது காதுல எதுவும் விழாதே. வேல மாறுற நேரத்துல நாந்தான் தட்டி எழுப்புவேன்.”

பிறகு அவள் கேட்டாள்.

“கப்பலுக்குள்ள மாட்டிக்கிட்டாரா?”

“இல்லீங்க. அப்ப எங்க ரெண்டு பேருக்கும் வேல இல்ல, மேலதான் இருந்தோம். வெடிச்சப்ப நெஞ்சுல அடிபட்டிருச்சு. தூக்கிப் படகுல போட்டோம். விடியிற வரைக்கும் பேசிக்கிட்டுதான் இருந்தாரு. ஒங்க பேரச் சொன்னாருங்க. பெறகு பேச்சு நின்னுபோச்சு. படகுல மலபார்க்காரர் ரெண்டு பேரு ஒங்க மார்க்கத்து ஆளுங்க. அவங்க ஓதி, தொழுகை வச்சுதான் கடல்ல எறக்கினாங்க.”

அவள் அழுதாள். அவள் தகப்பனாரும் அழுதார். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழுததில்லை. எனக்கோ, நெஞ்சில் ஏற்றி வைத்த மூட்டையை யாரோ இறக்கிவிட்டதுபோல் இருந்தது. கொதிகலன் அறையில் வெந்து போயிருப்பான் என்றுதான் நான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லெப்பை மெதுவாகச் சொன்னார்: “புருஷன் மவுத்தானா இருக்கிற இத்தாக் காலமும் எப்பவோ முடிஞ்சிட்டு, மகள். இனி ஒங்கட விருப்பம்.”

“முடிஞ்சாலும் கொஞ்ச நாள் அவருக்காக இருக்கிறேன்,” என்றாள் ஸபியா. பிறகு, “வாப்பா, அவரு திடீரெண்டு வந்தா வெளியில நிக்கக் கூடாதெண்டு இவ்வளவு நாளும் பின்கதவப் பூட்டாமத்தான் படுத்தேன். இண்டைக்குப் பூட்டலாம்,” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பின் காதருக்காக, உடல் முன்னால் இல்லாமலே தொழும் மறைவான ஜனாஸாத் தொழுகை நடந்தது. அவன் பெயரை இறந்தவருக்குரிய ‘மர்ஹூம்’ என்ற சொல்லோடு சேர்த்து முதல்முறையாகக் கேட்டேன். மாரிமுத்து வாசலில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஸபியாவின் வீட்டில் சோறு சாப்பிடவைத்துத்தான் அவரை அனுப்பினோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். துறைமுகத்தில் தோணிக்காரர்களிடம் விசாரியுங்கள்; யார் எந்த ஊருக்குத் திரும்பினார் என்பது அவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்குச் சம்பள நாளில் போகாதீர்கள்; அந்தக் கூட்டத்தில் யாரையும் பார்த்துப் பேச முடியாது. ஆளைக் கண்டதும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கேட்டுவிடாதீர்கள். யார் முதலில் கேட்க வேண்டுமோ அவர்களிடம் கூட்டிப் போங்கள். பதில் கெட்டதாக இருக்குமே என்று தயங்கவும் வேண்டாம்.

அடுத்த வருடம் ஸபியாவின் நிக்காஹுக்கு அதே ரயிலில் போனேன். ஹப்புத்தளையை நெருங்கும்போது மேகம் நமக்குக் கீழே பஞ்சுபோல் படுத்துக் கிடக்கிறது. அதற்கும் அப்பால் சமவெளி கடல்வரை தெரிகிறது. முதல் பயணத்திலும் அது அங்கேதான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நீங்கள் கோட்டையில் ஏறும்போதே வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துவிடுங்கள்.