வரி தள்ளுபடி

எங்கள் கடற்கரை ஊரில் வரி என்பது வெறும் பணமில்லை. கல்யாணமான ஆண் ஊருக்கு வரி கொடுக்கத் தொடங்கினால்தான் அவன் ஊர்க்காரன். அரசாங்கப் பஞ்சாயத்து வேறு; ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சு, ஊர்த்தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு எல்லாம் அவனுக்குத்தான். அவன் செத்துப்போனால் பெண்டாட்டி பாதி கொடுக்கவேண்டும். அதற்கு அரைவரி என்று பெயர். அரைவரிக்கு ஓட்டு கிடையாது, அரை ஓட்டுகூட.

என் வீட்டுக்காரர் போன பிறகு சிதம்பரம் மார்க்கெட்டில் கருவாடு விற்றுப் பிழைத்தேன். அரைவரி கொடுக்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. முழு வரியே கொடுத்தேன். வாங்கும்போது யாருக்கும் கை கூசவில்லை.

போன தலைவர் தேர்தலில், நாங்கள் கருவாடு காயப்போடும் மணல்மேட்டை டூரிஸ்ட் வண்டிகள் நிறுத்த விடப்போவதாகச் சொல்லி ஒருத்தர் நின்றார். அந்த மேடு போனால் என் பிழைப்பு போச்சு. ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

"முழு வரி குடுக்கறேன். எனக்கும் ஓட்டு வேணும். ஊர்ச்சட்டத்த மாத்துங்க."

முதலில் எழுந்தது என் கொழுந்தன்.

"நம்ம வூட்டு ஓட்ட நான்தான் போடறனே, அண்ணி. உங்களுக்கு வேற இன்னாத்துக்கு?"

"நீ யாருக்குப் போடுவேன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன். எம்எல்ஏவுக்குப் போடறேன், எம்பிக்குப் போடறேன். இவுங்களுக்கு மட்டும் போடக்கூடாதா?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்னமும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவர்களே பேசினார்கள். பிறகு ஸ்பீக்கரில் அப்போதைய தலைவரின் குரல் கேட்டது. சட்டத்தில் இருந்த 'கல்யாணமான ஆம்பள' என்பதை எடுத்தாச்சு, இனிமேல் முழு வரி கொடுக்கிற எல்லாருக்கும் ஓட்டு உண்டு என்றார். வெளியே நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மடச்சி நான்.

ஸ்பீக்கர் அணையவில்லை. புருஷன் இல்லாத பெண்களின் கஷ்டத்தைப் பார்த்து, இனி அவர்களிடம் வரியே வாங்குவதில்லை, முழுத் தள்ளுபடி என்று அடுத்த தீர்மானமும் வந்தது. உள்ளே கைதட்டல். கொழுந்தன் வெளியே வந்து, "சந்தோஷமா அண்ணி?" என்றான். கடித்துத் துப்பியிருக்க வேண்டும் அவனை.

தேர்தலுக்கு முந்தைய வாரம் வரி வசூலிப்பவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டில் வாங்கினார். என் வாசலைத் தாண்டி நடந்தார். நான் குறுக்கே போய் நின்று பணத்தை நீட்டினேன்.

"புடிங்க மாமா."

"உனக்குத்தான் வாணாம்னு சொல்லிட்டாங்களே."

"நான் வேணும்னு சொல்றேன்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பணத்தை அவர் காலடியில் விட்டெறிந்தேன். தெருவே பார்த்தது. மனிதர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும். குனிந்து பொறுக்கினார், மணலைத் தட்டினார், என் வாசற்படியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.