சாம்பலில் வைத்த கை

“...கண்ணு ஆறிப்போச்சுன்னுதான் சொல்லும் சாரு. கைய வச்சுப் பாரு, அது நெசத்தச் சொல்லும்!”

இதைச் சொன்னவள் குப்பு. ஜவ்வாது மலையில் காவலூரைத் தாண்டி ஒரு சிற்றூர் ரேஷன் கடையில் நான் எடை போட்டுக்கொண்டிருந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி. என் வயதுதான். இன்று காலை திருப்பத்தூரில் எங்கள் தெருமுனையில் யாரோ வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ‘குப்பையை எரிக்காதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே! புகை மூக்கில் ஏறியதும் எனக்கு உள்ளங்கை சுட்டது. சிரிக்காதீர்கள், என் மூக்குக்கும் கைக்கும் அப்படி ஒரு தொடர்பு.

மலையில் சருகு கொளுத்தப் பலகை கிடையாது, சட்டம் உண்டு. பனி காய்வதற்குள் வைக்க வேண்டும். சுற்றிலும் மண் தெரியச் செதுக்க வேண்டும். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் குரல் கொடுக்க வேண்டும். அப்புறம், சாம்பலில் கை வைக்க முடிகிறவரை வைத்தவன் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. “நெருப்பு வச்சவன்தான் காவக்காரன்” என்பார்கள். அடிவாரத்து ஒடுகத்தூர்க்காரனான எனக்கு முதல் மூன்றும் புரிந்தன. கடைசியை மலைக்காரர்களின் அதிகப்படி பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி மாதம். என் வாசலில் பலாச்சருகு முழங்கால் உயரம். செதுக்கினேன், குரல் கொடுத்தேன், கொளுத்தினேன். எல்லாம் வெளுத்துச் சாம்பலானதும் உலையைப் பார்க்க உள்ளே போனேன். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பதம் பார்த்த அதே ஆள், சாம்பலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வெயில் ஏறினால் அடிவாரத்துக் காற்றும் மேலே ஏறும். ஏறியது.

“அய்யோ சாரு! வெளிய வா, போரு, போரு!”

என் வாசலுக்கும் குப்புவின் சாமை வைக்கோல் போருக்கும் நடுவே ஒரு பட்டை காய்ந்த புல். அதில் நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. மழை வரும்வரை அவளுடைய இரண்டு மாடுகளுக்கும் அந்தப் போர்தான் தீனி, வேறு வழி இல்லை. மாடுகள் கயிற்றை இழுத்துக் கதறின. குப்பு அவற்றை அவிழ்த்து மேட்டுக்கு விரட்டிவிட்டு, புங்கங்கிளையை ஒடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் குடத்தை வீசி ஊற்றியதில் பாதித் தண்ணீர் என் மேலேயே.

“அப்பறமா குளிக்கலாம், கெளைய ஒடி!”

அடித்தோம். போருக்கு ஒரு முழம் இருக்கையில் அணைந்தது. ஒரே ஒரு முழம்.

மூச்சு வந்ததும் என் வாசல் சாம்பலைக் காட்டி, “இதுவும் ஆறிடுச்சுங்க” என்றேன். அதற்குத்தான் அவள் கண்ணையும் கையையும் பற்றி அப்படிச் சொன்னாள். வைத்தேன். மேலே குளிர்ச்சி, ஒரு விரற்கடை உள்ளே கங்கு. கையை உதறினேன்.

“இன்னாத்துக்கு ஒதற்ற? போரு போயிருந்தா என் மாடு வயித்த ஒதறிக்குமா?”

உட்கார்ந்தேன். உள்ளே சோறு அடிப்பிடித்து நாறியது. எழுந்திருக்கவில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் இருவரும் போரைப் பார்த்தோம்.

மலைக்கு டிராக்டர் ஏறியதும் அந்த உழவு மாடுகள் போயின, பின்னாலேயே போரும் போயிற்று. என் பழைய வாசலுக்கு இப்போது சிமென்ட் பூசிவிட்டார்களாம். இன்று தெருமுனைச் சாம்பலுக்குக் காவல் யாரும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரோடு நான்தான் நின்றேன், பைத்தியக்காரனைப் போல.

அன்று வெயில் சாய்ந்தபோது, “இப்ப நெசமாவே ஆறிடுச்சுங்க” என்றேன். குப்பு என் கையை நம்பவில்லை. தன் கையை மணிக்கட்டுவரை விட்டுக் கிளறினாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மேட்டுக்குப் போய், இரண்டு மாடுகளையும் ஓட்டிவந்து, போருக்குப் பக்கத்திலேயே, பழைய முளையில் கட்டினாள்.