மாரக்காள் ஏறும் பலகை

மாரக்காளுக்கு ஊர் ராமாபுரம். மைசூரில் பதினெட்டு வருசமாகச் சித்தாள் வேலை. நான் மேஸ்திரி. போன ஆடியில் அவள் புருசன் முனிராஜ் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். இன்னும் படுக்கைதான். வீட்டில் உலை கொதிக்க இவள் ஒருத்தி வேலைக்கு வந்தாக வேண்டும்.

வந்தாள். ஆனால் ஏற முடியவில்லை. தலையில் சட்டியை வைத்தாலே கால் நடுங்கும். ஒரு மாசம் கீழே மணல் சலிக்க விட்டேன். மைசூரை ஒட்டிய போகாதியில் ஒரு வீட்டுக்குத் தளம் போடும் நாள் வந்தது. ஆள் குறைவு.

"இன்னிக்கு ஏறாட்டி நாளைக்கு வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டேன். எனக்கும் வேறு வழியில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, மாடிக்குச் சாய்த்துக் கட்டிய சாரப் பலகையில் ஏறினாள். குதிகால், அப்புறம் விரல், அப்புறம் ஒரு மூச்சு. உதடு ஏதோ முணுமுணுத்தது. பின்னால் சட்டியோடு வந்த லீலா கத்தினாள்: "ஏக்கா, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா, இப்படி நடக்கற? கலவை இறுகுது!"

"வாய்க்குள்ள என்ன மந்திரம்?" என்றேன் நான்.

"மந்திரமில்லீங்ண்ணா. குதிகால், விரல்னு சொல்லிக்கறேன். பைலகுப்பேல புத்த சாமிங்க மடத்துல வேல செஞ்சமில்ல, அங்க பாத்தது. சாமிங்க தெனமும் இப்படித்தான் நடப்பாங்க. ஒருத்தரு கன்னடத்துல சொன்னாரு, பயம் வந்தா வரட்டும், கால் எதத் தொடுதுன்னு மட்டும் பாருன்னு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கான்கிரீட்டுக்கு ஏது பொறுமை?

ஐந்தாவது நடையில் பாதிப் பலகையில் நின்றுவிட்டாள். சரி, போச்சு என்று நினைத்தேன். "இறங்கு, வீட்டுக்குப் போ!"

"பயத்துல நிக்கலீங்ண்ணா. பலகை அடியில நழுவுது. கால்ல தெரியுது."

போய்ப் பார்த்தேன். குறுக்குக் கழியில் நார்க்கயிறு தளர்ந்திருந்தது. நான் கட்டினது. தண்ணீரில் நனைக்காமல் கட்டினால் இப்படித்தான் ஆகும். அவசரம். இதற்காக எத்தனை பேரை நான் திட்டியிருப்பேன்.

முனிராஜ் விழுந்த பலகையும் என் கட்டுதான். மாரக்காளுக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றைக்கும் கேட்கவில்லை. இறங்கி ஓரமாக நின்றாள். கயிற்றை வாளியில் ஊறப்போட்டேன். கலவை மிக்சர் சும்மா சுற்றியது. வீட்டுக்காரர் வந்து கத்தினார். கத்தட்டும். ஊறினதும் இறுக்கிக் கட்டினேன்.

"ஏறு" என்றேன்.

குதிகாலை வைத்தாள். நின்று பார்த்தாள். அப்புறம் விரல்.

தளம் முடியும்வரை லீலா உட்பட எல்லோரும் மாரக்காள் வேகத்தில்தான் ஏறினோம். போகும்போது நாளைக்கும் வரச்சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, செருப்பைத் தேடப் போனாள்.